அப்பாவின் பெயரில் ஒரு நாற்காலி

ஜனவரி 14, செவ்வாய்

இங்கேயாவது ஒப்புக்கொள்கிறேன். கோயில் லொத்தரில் பரிசாக விழுந்தது என்று மனைவி பேர்ளிக்குச் சொல்லி வீட்டுக்குள் ஏற்றிய நாற்காலி, அந்த முதுகு பிடித்துவிடும் நாற்காலி, லொத்தரில் விழவில்லை. தவணைக்கு வாங்கினேன். மூன்று வருடம் ஒளித்து ஒளித்துக் கட்டி முடித்தேன்.

இன்று வங்கியில், பாரிசுக்கு வெளியே கார்ஜில் பார்த்துவைத்த வீட்டுக்குக் கடன் கேட்டோம். பேர்ளி பக்கத்தில் இருக்கும்போதே அங்கே வேலைசெய்யும் பிள்ளை சொல்லிவிட்டாள்: கடன் கட்டாதவர்களின் பட்டியலில் நான் இருக்கிறேன். நாற்காலிக்காக. இரண்டு தரம்.

“லொத்தர் ரெண்டு தரம் விழுந்திருக்கு போலை” என்றாள் பேர்ளி.

ஜனவரி 20

மகள் கஜானி பட்டியலை வாசித்துக் காட்டினாள். முதல் கடன் என் பெயரில். இரண்டாவது அதே நாற்காலி, என் விலாசம், ஆனால் ஆள் நீக்கிலாஸ். பிறந்தது 1938, மன்னார் பேசாலை.

அது அப்பா.

எனக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. அன்றைக்குத் தாள்களையெல்லாம் பையோடு கடைக்காரியிடம் கொடுத்தேன். என் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் என்றிருந்த வரியை அவள் இன்னொரு ஆளாகப் பதிந்துவிட்டாள்.

அப்பா பாரிசுக்கு வந்ததே இல்லை. 1985இல் கடலுக்குப் போனார். வள்ளம் மட்டும் வந்தது.

ஜனவரி 31

கஜானியோடு கடன் வசூல் கந்தோருக்குப் போனேன். காசு கட்டிய துண்டுகளைக் காட்டினேன், தங்கள் பிழைதான் என்று என் பெயரை எடுத்தார்கள். மற்றதற்கு அங்கிருந்த மதாம் ஏலாது என்று தலையாட்டினாள். மிசியே நீக்கிலாசின் விஷயத்தை அவரோடு மட்டும்தான் கதைப்பார்களாம். அவர் வரவேண்டும், அல்லது இறப்புச் சான்றிதழ் வேண்டும்.

“நாப்பது வருசமா வீட்டுக்கே வராத மனுசன் இஞ்சையோ வரப்போறார்?” என்றேன்.

“நோன், பப்பா.” கஜானி அதை மொழிபெயர்க்க மாட்டாளாம்.

என் விலாசத்தில் அந்தப் பெயர் இருக்கும்வரை வங்கி அசையாது. வீடு விற்பவர் ஏப்ரல் முடியும்வரைதான் பொறுப்பார்.

பெப்ரவரி 3

நான் வேலைசெய்யும் லா சப்பல் கடையில் வெண்டிக்காய்ப் பெட்டி இறக்கும்போது வசூல் கந்தோரிலிருந்து போன். மிசியே நீக்கிலாஸ் இருக்கிறாரா? இல்லை. எப்போது வருவார்?

அம்மா எல்லோருக்கும் சொன்ன பதில்தான் என் வாயிலும் வந்தது. வந்துவிடுவார்.

பெப்ரவரி 16, ஞாயிறு

பேசாலைக்குப் போன் எடுத்தேன். இரண்டு சாட்சியோடு எழுதிக் கொடுத்தால் சான்றிதழ் எடுக்கலாமாம். அம்மா சாகும்வரை அதற்கு விடவில்லை. செத்தவர்களுக்கான பூசைகூட ஒப்புக்கொடுக்கவில்லை.

“கடலே சொல்லேல்லை. நீ ஆர் அண்ணை சொல்ல?” என்றாள் தங்கச்சி அஜந்தா.

படிவத்தை மட்டும் அனுப்பச் சொன்னேன்.

மார்ச் 2

படிவம் வந்தது. இறந்த திகதி என்று ஒரு கட்டம். எதை எழுத? போன நாளையா? வள்ளம் வந்த நாளையா? நான் எழுதுகிற நாளையே எழுதினால் — கொன்றது நானல்லோ.

பேனையை மூடிவிட்டேன்.

மார்ச் 9

முடிவு. அப்பா உயிரோடேயே இருக்கட்டும். அந்தக் காசை அவர் பெயரில் இன்னொரு தரம் கட்டுவோம். பேர்ளி சீட்டுக் காசை எடுத்துத் தந்தாள். “மாமாவுக்கு நான் ஒருநாளும் ஒண்டும் செய்யேல்லைத்தானே.”

மார்ச் 11

காசோடு போனோம். மதாம் திரையைப் பார்த்தாள். கடன் ஒன்றும் இல்லை, நேற்றுக் கட்டியாயிற்று என்றாள்.

ஆர் கட்டினது?

மிசியே நீக்கிலாஸ். தானே வந்தாராம். காசாகவே கொடுத்தாராம். தாள்கள் ஈரமாக இருந்தன, காயவைத்துத்தான் எண்ணினோம் என்றாள், குறை சொல்கிற மாதிரி. கஜானி திரும்பவும் கேட்டாள். அதே பதில்.

பேர்ளியின் காசு பேர்ளியின் பையிலேயே இருந்தது. எண்ணிப் பார்த்தேன்.

மார்ச் 12

அஜந்தாவுக்குச் சொல்லவில்லை.

ஏப்ரல் 24

வங்கி ஓம் என்றது. ஆறு நாள் மிச்சம்.

ஜூன் 28, சனி

புது வீடு. பூட்டுக்குள் திறப்பு திரும்பியது, கதவு திறக்கவில்லை. பூட்டுத் திறக்கிற ஆளைக் கூப்பிட்டோம். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டிருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்டார். சொல்லத் தெரியவில்லை என்றேன். தாழ்ப்பாளை அறுத்துத் திறந்தார். ஒருவரும் இல்லை. நாலாம் மாடி, யன்னல்கள் எல்லாம் பூட்டியிருந்தன. பூட்டுக்காரருக்கு நூற்றெண்பது ஈரோ. “மாமா எங்களுக்கு முந்தியே வந்திட்டார் போலை” என்றாள் பேர்ளி.

வீடு குடிபுகக் காய்ச்சவென்று கொண்டுபோய் வாசலில் வைத்த பாலை நான் காலால் தட்டிவிட்டேன். படிவழியே இரண்டாம் மாடி வரைக்கும் போயிருந்தது. துடைத்தேன்.