எந்த சிப் என்று நீ கேட்டுச் சொல்லவில்லையே, அண்ணா

என் பிரியத்துக்குரிய அண்ணனுக்கு,

கடை திறந்துதான் இருக்கிறது. உன் குழாய் ஸ்பீக்கர்களும் ஆம்ப்ளிஃபயர்களும் நீ அடுக்கியபடியே இருக்கின்றன. காரியம் முடிந்ததும் முதலியார்பேட்டைக் கடைக்கு வந்து உன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். நெஞ்சுவலி என்று சொன்ன உன்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடியதை, யாருக்கோ நடந்ததுபோல வருகிறவர்களிடம் சொல்கிறேன்.

நம் பெட்டி பாதியில் கிடக்கிறது. திருவிழாவில் மைக் கீச்சிடும் முன்பே அந்தச் சத்தத்தைப் பிடித்து அடக்கும் பெட்டி. அதற்கு மூளையாக ஒலியை எண்களாக்கிக் கணக்குப் போடும் டிஎஸ்பி சிப்களில் எதைப் போடுவது என்பதுதான் பாக்கி. மேசையில் இரண்டு சோதனை போர்டுகள். ஒன்று முழு எண்ணில் மட்டும் கணக்குப் போடும். மலிவு, சூடாகாது, ஆனால் மிஞ்சும் சின்ன எண்களை வெட்டிவிடும். மற்றது தசமத்தையும் விடாமல் கணக்குப் போடும்; விலை கூட, கரண்ட்டும் தின்னும்.

நான் கிராஃப் போட்டுக் காட்டினால் நீ பார்க்கவே மாட்டாய். "அத உன் காலேஜ்ல காட்டு. எனக்குக் காதுல போடு," என்பாய். எண்கள் என் பொறுப்பு, முடிவு உன் காது என்றுதானே பேச்சு? இப்போது அந்தக் காதுக்கு நான் எங்கே போவேன்?

கனகசெட்டிக்குளத்திலிருந்து கோயில்காரர்கள் வந்தார்கள். நீ வாக்குக் கொடுத்த பெட்டி திருவிழாவுக்கு வருமா, இல்லை வேறு கடையைப் பார்க்கட்டுமா என்று தயங்கித்தான் கேட்டார்கள். வரும் என்று சொல்லிவிட்டேன். சிப்பை இந்த வாரமே வரவழைத்தாக வேண்டும்.

சோதித்துப் பார்க்க ஒரு பதிவு தேடினேன். கம்ப்யூட்டரில் இருந்தது, நோணாங்குப்பத்தில் நீ மைக் டெஸ்ட் செய்தது மட்டும்தான். உன் குரல் என்று தெரிந்தேதான் போட்டேன். இரண்டு போர்டிலும் மாற்றி மாற்றி ஓடவிட்டு இரைச்சலை மட்டும் கவனித்தேன். உன்னைக் கேட்கவே இல்லை. எப்படி அண்ணா முடிந்தது என்னால்?

நிமிர்ந்தபோது அண்ணி வாசலில் நின்றிருந்தார். கையெல்லாம் இட்லி மாவு. நிறுத்தப் போனேன், வேண்டாம் என்று தலையாட்டினார். எது எந்த போர்டு என்று சொல்லாமல் இரண்டையும் போட்டேன்.

"மொதல்ல போட்டதுல பேச்சு மட்டுந்தான் இருக்கு," என்றார். "இதுல, ஹலோ சொல்றதுக்கு முன்னாடி மூச்சு இழுக்கறாரு பாரு. பக்கத்துல படுத்தவளுக்குத் தெரியாதா?"

திரும்பப் போட்டேன். இருந்தது. ஹலோவுக்கு முன்னால் சின்னதாக ஒரு மூச்சு. மலிவான சிப் அதைக் கரகரப்பில் தின்றுவிட்டிருந்தது. என் கிராஃபில் அது அடிக்கோட்டை ஒட்டிக் கிடந்தது. நான்தான் ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை.

தசமச் சிப்பையே சொல்லியனுப்பிவிட்டேன். கரண்ட் தின்றால் தின்னட்டும். அண்ணி உள்ளே போய்க் கை கழுவினார். நான் கடையைப் பெருக்கினேன். அப்போதும் அழுகை வரவில்லை.

மைக்கைக் கண்டாலே ஓடி ஒளிகிறவள் என்று என்னைக் கேலி செய்வாயே. கனகசெட்டிக்குளத்தில் இந்த முறை மைக் டெஸ்ட் செய்ய நானே நிற்பேன். உன்னைப்போல ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு ஹலோ சொல்வேன். கீச்சிடாது, நம் பெட்டி பார்த்துக்கொள்ளும். ஒருவேளை அங்கே எனக்கு அழுகை வந்தால் ஊருக்கே கேட்கும், அண்ணா. இந்தச் சிப் எதையும் வெட்டாது.

உன் நாற்காலியில் உட்கார்ந்தபடி,
உன் தங்கச்சி