மெரூன் வெல்வெட் நாற்காலிகள்

மார்ச் 4, செவ்வாய்

கடை ஷட்டரை முழுசாக மேலே தள்ளக்கூட இல்லை, அதற்குள் அரங்க மேலாளரின் போன். இருபத்தொன்பதாம் தேதி நிகழ்ச்சிக்கு டிக்கெட் நன்றாகப் போகிறதாம். சந்தோஷம் என்றேன். அடுத்து குண்டைத் தூக்கிப் போட்டார்.

"உங்க ரசிகர்களோட வயச மனசுல வச்சு, இந்தத் தடவ ஹால் முழுக்க சேர் போடுறோம் மேடம். எல்லாத்துக்கும் நம்பர் இருக்கு. அவங்கவங்க எடத்துல நிம்மதியா உக்காந்து கேக்கலாம்."

நிம்மதியாக. எங்கள் பாட்டை.

எங்கள் குழுவுக்குப் 'பக்கத்து வீட்டுப் புகார்' என்று ஏன் பெயர் வைத்தோம்? எங்கள் சத்தம் பொறுக்காமல் தெருவே திரண்டு போலீஸில் போய் நின்றதால்தான். முப்பத்திரண்டு வருடமாக பங்க் ராக் வாசிக்கிறோம். இத்தனை வருடத்தில் ஒரு ஆள் எங்களை நிம்மதியாகக் கேட்டதில்லை. நின்று, இடித்து, வியர்த்து, அடுத்தவன் காலை மிதித்து, மறுநாள் தொண்டை கட்டிக்கொண்டு வேலைக்குப் போவார்கள். பதிவு செய்து கேட்டால் எங்கள் பாட்டில் ஒன்றுமே இல்லை. கிட்டாரில் மூன்றே பிடி, இரண்டு நிமிடம், ஒரு கத்தல். இருப்பதெல்லாம் ஹாலில் நடப்பதுதான். தலை நரைத்த பிறகும் டிக்கெட் வாங்குகிறார்கள் என்றால் அதற்காகத்தான். அதில் கொண்டுபோய் நாற்காலி.

நாற்காலி மேல் எனக்கு ஜென்மப் பகை எதுவும் கிடையாது. சோபாவுக்கும் நாற்காலிக்கும் மெத்தை மாற்றித்தான் என் பிழைப்பு ஓடுகிறது. ஆனால் எங்கள் நிகழ்ச்சியில் இதுவரை உட்கார்ந்திருந்த ஒரே ஆள் நான்தான். அதுவும் டிரம்ஸுக்கு இரண்டு காலும் வேண்டியிருப்பதால்.

"போடக் கூடாது" என்றேன். "பேசிட்டுச் சொல்றேன் மேடம்" என்றார். யாரிடம் பேசுவாராம்? என்னிடம்தானே பேசிக்கொண்டிருந்தார்.

மார்ச் 5, புதன்

பேசக் காணோம். படம் மட்டும் அனுப்பியிருக்கிறார். மெரூன் கலர் வெல்வெட் உறை. கல்யாண மண்டபம் தோற்றது.

மார்ச் 8, சனி

பயிற்சி, வாத்தியாரின் கார் ஷெட்டில். வாத்தியார் எங்களுக்கு பேஸ் கிட்டார் வாசிப்பவர். பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறார். பாட்டு முடிந்ததும் "அடுத்தது" என்று சொல்லும் பழக்கம் அங்கிருந்து வந்தது. கிட்டார்காரனுக்குப் பெயர் ஒல்லி. பெயர் வைத்தபோது ஒல்லியாக இருந்தான்.

நாற்காலி விஷயத்தைச் சொன்னேன். கொதித்து எழுவார்கள் என்று நினைத்தேன். ஒல்லி கிட்டார் கம்பியை முறுக்கிக்கொண்டே இருந்தான். பாடுகிறவன், அதாவது என் தம்பி, மைக் வயரைச் சுற்றிக்கொண்டே இருந்தான். சுற்றி முடித்த வயரைப் பிரித்து மறுபடி சுற்றினான்.

வாத்தியார்தான் வாயை விட்டார். "தம்பி சரின்னு சொன்னதுதானேம்மா?"

தம்பி பக்கம் திரும்பினேன். 

"நீயாடா?"

"ஆமாக்கா."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணல?"

"கேட்டா வேணாம்பே."

"அப்ப கடைசிப் பாட்டுக்கு எங்கடா குதிப்பே? சீட்டு நம்பர் பாத்தா?"

"குதிக்கப் போறதில்லக்கா. போதும்."

போதும் என்கிறான். வீட்டுக்காரன் வாடகையை ஒரேயடியாக ஏற்றிய வருடம் நானும் அவனும் சமையலறையில் உட்கார்ந்து எழுதிய பாட்டு அது. 'மாடியில இருக்கிறவனே, கீழே வா. எங்க தலைமேல நடக்கிறவனே, கீழே வா.' அவ்வளவுதான் பாட்டே. மூன்றாவது சுற்றில் மேடையிலிருந்து அவனே கூட்டத்துக்குள் குதிப்பான். மற்றவனைக் கீழே வா என்று கூப்பிட்டுவிட்டு நாம் மேலே நிற்பது அசிங்கம் என்று முதல் நிகழ்ச்சியில் சொன்னவன் அவன். கூட்டம் அவனைக் கைமேல் ஏந்திக் கதவு வரை கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவரும். எனக்கு அது எதுவும் தெரியாது. நான் பின்னால் இருக்கிறேன். எனக்குத் தெரிவது அவன் முதுகு. முதுகு மறையும், திரும்பி வரும். வரும்வரை அடித்துக்கொண்டே இருப்பது என் வேலை. போன நவம்பரில் வெகுநேரம் வரவே இல்லை. யாரிடமோ கதையளந்துகொண்டு நின்றுவிட்டான். என் மணிக்கட்டு கழன்று விழுகிற வரைக்கும் ஜவ்வு மாதிரி இழுத்தேன்.

குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஒருவரும் தடுக்கவில்லை. அதுவே இன்னும் எரிகிறது.

மார்ச் 9, ஞாயிறு

சுத்தியல் கட்டைவிரலில் பட்டுவிட்டது. அதுவும் அவனால்தான்.

மார்ச் 14, வெள்ளி

பத்திரிகையில் எங்களைப் பற்றி அரைப் பக்கம். தலைப்பு: 'இளைப்பாறும் புரட்சிக்காரர்கள்'. யாருடா இளைப்பாறுகிறது? நேற்று மூன்று பேர் உட்காரும் சோபாவை ஒற்றை ஆளாகக் கவிழ்த்து ஸ்பிரிங் மாற்றினேன். நடுவில் தம்பி சொன்னதாக ஒரு வரி: 'ரசிகர்களின் வசதி எங்களுக்கு முக்கியம்.' வசதியாம். அவன் பேசுகிற பேச்சா இது? பல் டாக்டர் விளம்பரம் மாதிரி இருக்கிறது.

அதைக் கிழித்துப் பஞ்சு மூட்டைக்கு அடியில் போடும்போது பேக்கரிக்காரம்மா வந்தார். முதல் வருடத்திலிருந்து முன்வரிசையில் நிற்பவர். பேக்கரியில் போடும் ஸ்டூலுக்கு மெத்தை கிழிந்திருந்தது.

"உக்கார வைக்கப் போறீங்களாமே" என்றார்.

"நான் இல்ல. என் தம்பி."

"தம்பி மேல தப்பில்ல. போன தடவ அப்படி ஆனதுக்கப்புறம் அவரு வேற என்ன பண்ணுவாரு?"

"எப்படி ஆனதுக்கப்புறம்?"

என் முகத்தைப் பார்த்தார். ஸ்டூலைப் பார்த்தார். "புதன்கிழமை வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

எப்படி ஆனது?

மார்ச் 15, சனி

மகளிடம் கேட்டேன். அவள் பிசியோதெரபிஸ்ட். தம்பிக்கு அவள் மேல் உயிர். ஏதாவது இருந்தால் அவளுக்குத் தெரியாமல் இருக்காது. முதலில் பூசி மெழுகினாள். நான் நகரவில்லை.

"மாமா சொல்லாதேன்னாரும்மா."

நவம்பரில் அவன் குதித்தான். முன்வரிசை விலகிவிட்டது. வேண்டுமென்று இல்லை. ஒருவருக்குத் தோளில் ஆபரேஷன், இன்னொருவருக்கு முதுகுவலி, பேக்கரிக்காரம்மா கையைத் தூக்கிவிட்டுக் கடைசி நொடியில் பயந்து இறக்கிவிட்டார். எல்லாரும் பக்கத்து ஆள் பிடித்துக்கொள்வான் என்று நினைத்திருக்கிறார்கள். தம்பி சிமெண்ட் தரையில் விழுந்தான். விலா எலும்பில் விரிசல். மகள் தன் கிளினிக்கில் வைத்து மாதக்கணக்காக அவனுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறாள். வாத்தியாருக்குத் தெரியும். ஒல்லிக்குத் தெரியும். முன்வரிசை மொத்தத்துக்கும் தெரியும்.

எனக்கு மட்டும் தெரியாது. நான் முதுகைப் பார்ப்பவள்தானே.

"நீ நிறுத்தாம அடிச்சுக்கிட்டே இருந்தியாம். அந்தச் சத்தத்தக் கேட்டுக் கேட்டுத்தான் எந்திரிச்சேன்னு சொன்னாரும்மா" என்றாள்.

இதைச் சொன்னால் நான் குளிர்ந்துவிடுவேன் என்று நினைத்தாளா? கீழே விழுந்து கிடக்கிறான், நான் மேலே உக்காந்து தட்டிக்கிட்டு இருக்கேன். கதையளக்கிறான்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டு இருக்கேன். ஒருத்தருக்கு, ஒரே ஒருத்தருக்கு, இவகிட்ட சொல்லணும்னு தோணலையா? கூடப் பிறந்தவ நான். என்னை என்ன, மேடையில போட்ட சாமான்னு நினைச்சுட்டாங்களா?

மார்ச் 16, ஞாயிறு

அவன் வீட்டுக்குப் போனேன். செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"சட்டையத் தூக்கு."

"ஒட்டிடுச்சுக்கா."

"தூக்குடா."

தூக்கினான். பார்க்க ஒன்றும் இல்லை. வயதான வயிறு, அவ்வளவுதான். திட்டுவதற்கு நிறையத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். பாதிகூட வரவில்லை.

"வலி பெரிய விஷயமில்லக்கா" என்றான். "அவங்க வெலகுனப்போ ஒவ்வொருத்தர் மூஞ்சியும் எனக்குத் தெரிஞ்சுது. எல்லாம் நம்ம ஆளுங்க. பேரச் சொல்லிக் கூப்பிடுவேன். அந்த மூஞ்சிங்கள இன்னொரு தடவ அப்படிப் பாக்க எனக்குத் தெம்பில்ல. சேர் இருந்தா நானும் குதிக்க வேணாம், அவங்களும் வெலக வேணாம். யாருக்கும் மானம் போகாது."

வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அதுக்காக மெரூன் வெல்வெட்டாடா?"

சிரித்தான். சிரிக்கும்போது கை தானாக விலாப்பக்கம் போனது. அதைப் பார்த்ததும் மறுபடி கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று தெரியாத கோபம். விலகினவர்கள் மேலா, மறைத்தவன் மேலா, அறுபதை நெருங்கும் எங்கள் எல்லாருடைய முட்டி மேலா. திட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 22, சனி

பயிற்சி. கடைசிப் பாட்டை வாசிக்கவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. வாத்தியார் "அடுத்தது" என்று சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டார்.

மார்ச் 30, ஞாயிறு

நேற்று நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

மதியமே போய் டிரம்ஸை நகர்த்தினேன். மேடையின் பின்நடுவிலிருந்து இடது ஓரத்துக்கு, பக்கவாட்டில். மேலாளர் ஓடி வந்தார். "லைட்டெல்லாம் நடுவுக்கு வச்சிருக்கோம் மேடம்." "அப்ப நான் இருட்டுல வாசிக்கிறேன்" என்றேன். இனி அந்த முதுகைப் பார்த்து வாசிப்பதாக இல்லை.

கூட்டம் வந்தது. டார்ச் வைத்திருந்த பையன்கள் ஒவ்வொருவரையும் நம்பர் பார்த்து உட்கார வைத்தார்கள். முதல் பாட்டு. யாரும் அசையவில்லை. முடிந்ததும் கைதட்டினார்கள். கைதட்டினார்கள்! எங்களுக்கு. பரிசளிப்பு விழாவில் தட்டுவது போல, சீராக. எனக்குக் காது கூசியது. இரண்டாவது பாட்டுக்கும் அதே. தம்பி மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் நின்று பாடினான், செய்தி வாசிப்பவன் மாதிரி.

மூன்றாவது பாட்டில் பேக்கரிக்காரம்மா எழுந்து நின்றார். டார்ச் பையன் வந்து உட்காரச் சொன்னான். அவர் உட்காரவில்லை. பின்வரிசைக்காரர் கையில் தன் நாற்காலியைத் தூக்கிக் கொடுத்தார். "என் டிக்கெட்டு, என் சேரு. எங்க வேணுமோ அங்க வச்சுக்கறேன்." அந்தம்மா குரல் அப்படி. பேக்கரியில் கியூவை அடக்குகிற குரல். எனக்கே டிரம்ஸ் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது.

நாற்காலி தலைக்கு மேலே பின்னால் போனது. அடுத்தது போனது. அதற்கப்புறம் வரிசை வரிசையாக. தோள் ஆபரேஷன்காரர் தூக்க முடியாமல் தன்னுடையதைக் காலால் தள்ளிக்கொண்டு போனார். மேலாளர் நடுவில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலேயும் ஒன்று போனது. நான்காவது பாட்டு முடிவதற்குள் எல்லாம் பின்சுவரோரம் குவிந்துகிடந்தன. அதற்குப் பிறகு யாரும் கைதட்டவில்லை. காலை மிதித்தார்கள், கத்தினார்கள். எனக்கு உயிர் வந்தது.

கடைசியில் கூட்டம் "கீழே வா, கீழே வா" என்று ஆரம்பித்துவிட்டது. தம்பி ஓரத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று தலையை ஆட்டினான். நான் அடிக்க ஆரம்பித்தேன். அவனைக் கேட்கவில்லை. அவன் என்னைக் கேட்டானா என்ன?

பாடினான். மூன்றாவது சுற்றில் மேடை விளிம்புக்கு வந்தான். முதல் தடவையாக அவன் முகம் எனக்குத் தெரிந்தது, முன்வரிசை முகங்களும் தெரிந்தன. அவனுக்குப் பயம். அவர்களுக்கும் பயம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கைகூட உயரவில்லை. நான் இன்னொரு சுற்று அடித்தேன். இன்னொன்று.

அப்போது பேக்கரிக்காரம்மா பின்சுவருக்குப் போய் ஒரு நாற்காலியை எடுத்துவந்து மேடைக்கு முன்னால் போட்டார். வெல்வெட்டை இரண்டு தட்டுத் தட்டினார். "வந்து உக்காருப்பா" என்றார்.

தம்பி பக்கத்துப் படியில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து இறங்கினான். போய் உட்கார்ந்தும் விட்டான். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனைக்கும் பிறகு இவனுமா உட்கார வேண்டும் என்று.

ஆனால் முன்வரிசைக்காரர்கள் குனிந்தார்கள். நாற்காலியின் நாலு காலையும் பிடித்தார்கள். ஒவ்வொரு காலுக்கும் எத்தனை கை என்று எண்ண முடியவில்லை. தோள் ஆபரேஷன்காரர் நல்ல கையை மட்டும் கொடுத்தார். முதலில் இடுப்பு உயரம், அப்புறம் நெஞ்சு, அப்புறம் தோள். நாற்காலியோடு அவன் மேலே போனான். ஒரு கையில் மைக், இன்னொரு கை உட்கார்ந்த இடத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. பயந்து போய்ச் சிரித்துக்கொண்டே பாடினான். கதவு வரை தூக்கிப் போனார்கள். நான் பார்த்துக்கொண்டே அடித்தேன். திருப்பிக் கொண்டுவந்து படியருகே பூப்போல இறக்கினார்கள். எனக்கு அழுகை நிற்கவில்லை. மூக்கைத் துடைக்கக் கை ஒழியவில்லை.

போன வழியெல்லாம் அந்த நாற்காலியின் பின்கால் ஆடிக்கொண்டே இருந்தது. மட்டமான சாமான். அவன் தப்பித்தது பெரிய விஷயம்.

ஏப்ரல் 3, வியாழன்

அந்த மேலாளருக்கு எவ்வளவு திண்ணக்கம் பாருங்கள். நாற்காலி மேல் தம்பி பறக்கிற படத்தைப் போட்டு, 'வசதியான இருக்கைகளுடன் ஓர் இனிய மாலை' என்று விளம்பரம் செய்திருக்கிறார். போன் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கினேன். முடிவில் அந்த ஆள் "அடுத்த தேதி எப்ப குடுப்பீங்க மேடம்?" என்கிறார்.

ஏப்ரல் 12, சனி

இரண்டு நாளாக மற்ற வேலையைத் தொடவில்லை. ஒரு பழைய தேக்கு நாற்காலி. கால்களையெல்லாம் பிரித்து மறுபடி முளை அடித்து, நாலு மூலையிலும் தடித்த பட்டை தைத்தேன், கையை நுழைத்துத் தூக்க வாகாக. பக்கத்துக்கு ஒன்றாகத் தாழ்வாக இரண்டு பட்டை, தோளைத் தூக்க முடியாதவர்களுக்கு. மடியில் மாட்ட ஒரு பெல்ட். மெத்தைக்குக் கறுப்பு ரெக்ஸின்.

சாயங்காலம் தம்பி வந்தான். சுற்றி வந்து பார்த்தான்.

"கறுப்பு நல்லால்லக்கா. அந்த மெரூனே எடுப்பா இருந்துச்சு."

"வாய மூடிக்கிட்டு உக்காருடா."

உட்கார்ந்தான். ஒரு பக்கம் மகளும் ஒரு பக்கம் நானும் பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தோம். ஒரு ஜாண் கூட எழும்பவில்லை. முளை ஒன்றும் முனகவில்லை. மகள் மாமாவிடம் சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னாள்.

அப்போது வாத்தியார் போன் செய்தார். அடுத்த ஊர் ஹால்காரர்கள் கேட்கிறார்களாம், சேர் எத்தனை போட வேண்டும் என்று.

"ஒண்ணும் வேணாம்னு சொல்லுங்க" என்றேன். "நாங்களே கொண்டு வர்றோம்."