கறிக்கடைக்கும் கம்பளிநூல் கடைக்கும் நடுவில்

செப்டம்பர் 7, திங்கள்

நூலகத்தில் தெரு நினைவுக் குழுவின் கூட்டம். நம் ஆல்டர் ரோட்டில் ஒருகாலத்தில் இருந்த கடைகளையெல்லாம் நீளமான தாளில் வரைந்து சுவரில் ஒட்டப் போகிறோம். நாட்டிங்காமில் ஒவ்வொரு தெருவாகக் கடைகள் போய், கடைகளின் படம் வந்துகொண்டிருக்கிறது.

எல்லோருக்கும் ஞாபகம் பொங்கி வழிந்தது. மிட்டாய்க் கடைக்காரியைப் பற்றிப் பேசும்போது இரண்டு பேர் அழுதார்கள். அவள் பிள்ளைகளைக் கண்டாலே எரிந்து விழுவாள். செத்த பிறகு நல்ல பெயர் எடுத்துவிட்டாள்.

ஷெல்டன் கறிக்கடைக்கும் கம்பளிநூல் கடைக்கும் நடுவில் தாள் வெறுமையாக இருந்தது. "அங்கே எங்கப்பா கடை" என்றேன். தலைவி ஆட்ரி விங்ஃபீல்ட் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள்.

"அங்க வெறும் சுவர்தானே இருந்துச்சு, நெவில்?"

சுவராம். நான் அந்தச் சுவரின் மாடியில்தான் பதினெட்டு வயது வரை தூங்கினேன்.

ஆட்ரியின் விதி: குடும்பத்துக்கு வெளியே இரண்டு பேராவது ஞாபகம் இருப்பதாகச் சொன்னால்தான் கடை படத்தில் ஏறும். போன வருடம் யாரோ தன் தாத்தாவுக்கு இல்லாத சாக்லேட் கடையை வைத்துக்கொடுத்துவிட்டார்களாம்.

செப்டம்பர் 8

பெரிலிடம் சொன்னேன். "பேசாம நீயும் ஒரு சுவருக்குப் பொறந்தவன்னு எழுதிக்கோ" என்றாள். கல்யாணமாகி நாற்பத்தைந்து வருடம். ஆறுதல் சொல்லும் வழக்கம் இன்னும் வரவில்லை.

செப்டம்பர் 14

கென் ஷெல்டனைப் பிடித்தேன். கறிக்கடைக்காரர் மகன். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். அவன் இருமினால் எனக்குத் தூக்கம் கலையும். கடையைத் தெரியுமா என்றேன்.

"சரியா ஞாபகம் இல்லடா, நெவ்." காது சிவந்துவிட்டது.

எட்வின் ஹாலம், மருத்துவக் கச்சைகள். அப்பா கடைப் பலகையில் அப்படித்தான் இருந்தது. முதுகுவலிக்காரர்களுக்கு இடுப்புக் கச்சை, குடலிறங்கியவர்களுக்குத் தாங்குபட்டை, கால் வீங்கியவர்களுக்கு இறுக்கமான காலுறை. சன்னலில் மஞ்சள் கண்ணாடித்தாள், அதற்குப் பின்னால் தலையில்லாத ஒரு பிளாஸ்டர் உடம்பு. அப்பா முப்பது வருடத்துக்கு மேல் தைத்தார். அதை மறக்க முடியும் என்றால் இந்தத் தெருவில் எதைத்தான் மறக்க முடியாது?

இப்போது அங்கே விளக்கின் கீழ்ப் படுத்துத் தோலைக் கறுப்பாக்கிக்கொள்ளும் கடை. காசு கொடுத்து.

செப்டம்பர் 19, சனி

மதுக்கடைக் கழிப்பறையில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் கென் வந்து நின்றான். சுவரைப் பார்த்தபடியே பேசினான்.

"எங்கப்பாவுக்குக் குடலிறக்கம். முழுப் பன்னியைத் தோள்ல தூக்கித் தூக்கி வந்தது. உங்கப்பா தைச்சுக் குடுத்த பட்டையைத்தான் சாகற வரைக்கும் கட்டியிருந்தார். ராசா மாதிரி நடந்தார்டா."

"இதைக் கூட்டத்துல சொல்லேன்."

"ஐயோ, அவருக்குப் பிடிக்காது."

"செத்து முப்பது வருஷம் ஆகுதேடா."

"இருந்தாலும்" என்றான். கை கழுவாமல் போய்விட்டான்.

செப்டம்பர் 29

நான் சாட்சி தேடுகிற செய்தி பரவிவிட்டது போலிருக்கிறது. பேருந்து நிறுத்தத்தில், முன்பின் பார்த்திராத கிழவி என் சட்டைக்கையை இழுத்தாள். "நீ ஹாலம் பையனா, கண்ணு? எனக்கு மூணாவது பிரசவத்துக்கு அப்புறம் உங்கப்பாதான்..." அதற்குள் பேருந்து வந்துவிட்டது, ஏறிவிட்டாள். மருந்துக்கடையில் ஒருவர், கல்லறைத் தோட்டத்தில் ஒருவர். எல்லோரும் குரலைத் தாழ்த்துகிறார்கள். எல்லோரும் முடிவில் ஒன்றையே சொல்கிறார்கள்: நான் சொன்னதாகச் சொல்லாதே.

ஊரில் பாதிப் பேரை நிமிர்த்தி நிற்க வைத்த மனிதர். சாட்சிக்கு ஆளில்லை.

அக்டோபர் 3, சனி

பெரிலுடன் கூஸ் சந்தை, ஊரின் வருடாந்தரத் திருவிழா. புதினாச் சாறு ஊற்றிய பட்டாணிக் குழைவு, நின்றுகொண்டே. காற்று குத்தியது. நான் இந்த ஊர்க்காரர்களைப் பற்றிப் புலம்பிக்கொண்டே இருந்தேன்.

"உங்கப்பா பின்வாசல்ல மணியைக் கழட்டி வச்சிருந்தாரே, ஏன்னு யோசிச்சியா?" என்றாள் பெரில்.

சத்தம் கேட்டால் பக்கத்துக் கடை திரும்பிப் பார்க்கும் என்றுதான். அது எனக்குத் தெரியும். தெருவில் வாடிக்கையாளர் எதிரே வந்தால் அவர்களாக வணக்கம் சொல்லும் வரை அப்பா வானத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பார். அவர் திமிர் பிடித்தவர் என்று பாதித் தெரு நினைத்தது. எங்களுக்கும் அதே உத்தரவு. கச்சை வாங்க வந்தவர் யார் என்று சாப்பாட்டு மேசையில்கூடப் பெயர் வராது.

"அவங்க மறக்கலைய்யா. அவர் கேட்டபடி நடந்துக்கறாங்க" என்றாள். என் பட்டாணியையும் சாப்பிட்டுவிட்டாள்.

அக்டோபர் 4

தூக்கம் வரவில்லை.

அப்படின்னா நான் என்னதான் பண்றது? அந்த மனுஷன் வாயைத் திறக்காம பொழப்பு நடத்தினார் — நான் அதைக் கொண்டுபோய் நூலகச் சுவத்துல ஒட்டணுமா? ஒட்டலைன்னா அவர் அங்க வெறும் சுவர். மீன்காரன் இருக்கான், மிட்டாய்க்காரி இருக்கா, கழுத்துப்பட்டை வித்தவன்கூட இருக்கான். எங்கப்பா மட்டும் இல்ல. வலிக்குது. எழுபத்தோரு வயசுல இது ஒரு வலி.

அக்டோபர் 12

கடைசிக் கூட்டம். "அந்த இடத்தை அப்படியே விட்டுடு, ஆட்ரி" என்றேன். "பலபேர் ரகசியம் அதுல இருக்கு. யாரையும் சங்கடப்படுத்த வேண்டாம்."

அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "சரி" என்று எழுதிக்கொண்டாள். பிறகு பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். இரண்டு தடவை.

அக்டோபர் 24, சனி

திறப்பு விழா. போக வேண்டாம் என்றிருந்தேன். பெரில் கோட்டை எடுத்து நீட்டிக்கொண்டு நின்றாள்.

நல்ல கூட்டம். படம் சுவரின் முழு நீளத்துக்கும் இருந்தது. கறிக்கடையில் சிவப்புப் பன்றி, கம்பளிக் கடையில் நூலுருண்டை, நடுவில் வெள்ளைத் தாள். ஆட்ரி நகரமன்றத்துக்கு நன்றி சொன்னாள், பிஸ்கட் கொடுத்தவர்களுக்கு நன்றி சொன்னாள். பிறகு பேச்சுத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். உட்காரப் போகிறாள் என்று நினைத்தேன்.

"இங்க ஒரு இடம் காலியா இருக்கு. சுவர்னு சொன்னவள் நான்தான். எனக்குப் பதிமூணு வயசுல எங்கம்மாவுக்கு ஒரு மார்பை எடுத்துட்டாங்க. அம்மா படியிறங்கி வெளியவே வரலை. சர்ச்சுக்கு வரலை. கண்ணாடியைத் துணி போட்டு மூடிட்டாங்க. நான்தான் பின்வாசல் வழியாக் கூட்டிட்டுப் போனேன். மிஸ்டர் ஹாலம் எதுவும் கேக்கலை. கச்சைக்குள்ள ஒரு பக்கம் தினை அடைச்சு, இன்னொரு பக்கத்தோட எடைக்குச் சரியாத் தைச்சுக் குடுத்தார். ஈஸ்டர் அன்னிக்கு அம்மா பாட்டுக்குழுவுல முன்வரிசையில நின்னாங்க."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். துடைக்கவில்லை.

"அங்க ஹாலம் கடை இருந்துச்சு. நான் ஒரு சாட்சி. இன்னொருத்தர் வேணும்."

இந்த ஊரில் ஒரு அறைக்குள் 'மார்பு' என்று உரக்கச் சொன்னால் கொஞ்சநேரம் எல்லோரும் தங்கள் காலணியைப் பார்க்க வேண்டும்.

"குடலிறக்கம்" என்றான் கென், பின்னாலிருந்து. மிகச் சத்தமாக. "எங்கப்பாவுக்கு."

"முதுகு" என்றார் ஒருவர். "மூணாவது பிரசவம்!" பேருந்து நிறுத்தக் கிழவி. அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். யாருக்கும் எதுவும் காதில் விழவில்லை.

"ஒவ்வொருத்தரா!" என்று கத்திய ஆட்ரி பேனாவை நீட்டினாள். "வந்து எழுதுங்க."

சொன்னதும் வரிசை உருவாகிவிட்டது. படத்திலிருந்து கதவு வரை, தள்ளுமுள்ளு இல்லாமல். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் கடைசியில் போய் நின்றேன். முன்னால் இருந்தவர்கள் வெள்ளைத் தாளில் குனிந்து குனிந்து எழுதினார்கள்.

என் முறை வந்தது. எழுத இடமே இல்லை.

"நீ எதுக்குய்யா வரிசையில நின்னே?" என்றாள் ஆட்ரி.

தெரியவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அவள் தன் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள். இஸ்திரி போட்டது.