பாரக்ஸ் வீட்டின் காற்றுத் துளைகள்

காற்றுக்கு வழிவிட்டு வீடு கட்டிய என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒன்றரை வருடமாகிறது. இதை அன்றே எழுதியிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை.

ராணுவக் கல்லூரியில் சிப்பாய்கள் தங்கும் பழைய பாரக்ஸைப் பராமரிப்பது உங்கள் வேலை. லீவுக்கு வந்த என்னை ஒருமுறை உள்ளே கூட்டிப்போனீர்கள். சன்னல் படியில் நான் சம்மணமிட்டு உட்காரும் அளவுக்குக் கனமான சுவர். சுற்றிலும் வராந்தா. கதவுக்கு நேரே கதவு. கூரையை ஒட்டி வரிசையாகக் காற்றுத் துளைகள். எதற்கும் மூடி கிடையாது.

"வெள்ளக்காரன் முதல்ல கட்டினதுல காத்தே கெடையாது மக்களே. சண்டையில செத்தவன விட காய்ச்சல்ல செத்தவன்தான் ஜாஸ்தி. பெறகுதான் புத்தி வந்து இப்பிடிக் கட்டினான்" என்றீர்கள்.

ஓய்வு பெற்று இரணியலில் வீடு கட்டியபோதும் அதே துளைகளை வைத்தீர்கள். கொத்தனார் செல்லையா அண்ணாச்சி கிண்டலடித்தார். "பட்டாளத்தாரே, இது வீடா, பாரக்ஸா? காக்கா வந்து குடியிருக்கும்."

"வரட்டும். காலையில அட்டென்ஷன்ல நிப்பாட்டுதேன்."

பிள்ளை பிறந்ததும் எனக்குப் பயம். சாரல், கொசு, பல்லி. உங்களிடம் கேட்காமலே அண்ணாச்சியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சிமெண்டால் அடைத்தேன். அண்ணாந்து பார்த்ததோடு சரி. படுக்கையில் விழுந்த பிறகுதான் ஒரு நாள், "ஒண்ணையாவது தொறந்து வுடு மக்களே, மூச்சு முட்டுது" என்றீர்கள்.

"பிள்ளைக்குச் சளி பிடிக்கும்ப்பா" என்றேன்.

நீங்கள் மறுபடி கேட்கவேயில்லை. ஏன் அப்பா கேட்கவில்லை?

உங்கள் நோய்க்கு அது காரணமில்லை என்றுதான் டாக்டர் சொன்னார். ஆனால் நீங்கள் கேட்டது காற்றுதானே.

இந்த மழையில் சுவரெல்லாம் ஓதமடித்துப் பூசணம் பிடித்துவிட்டது. உங்கள் பேரனுக்கு மூச்சு இளைப்பு. "வீட்டுல காத்தோட்டம் உண்டா?" என்று டாக்டர் கேட்டார். வீட்டுக்கு வந்ததும் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன்.

நேற்று அவர் வந்து அடைப்புகளை உடைத்தார். "அன்னைக்கே அடைக்காண்டாம்னு சொன்னேன்லா?"

"எங்க சொன்னீங்க? காக்கா வரும்னுதான சொன்னீங்க."

சிரித்தார். பிறகு, "பட்டாளத்தாரு இருந்திருந்தா..." என்று தொடங்கி, முடிக்காமல் உளியை எடுத்தார். முதலில் திறந்தது உங்கள் கட்டிலுக்கு மேலே இருந்த துளை. வெறும் கட்டிலில் ஒரு கை அகலத்துக்கு வெளிச்சம் விழுந்தது.

இன்று மதியம் பிள்ளை அந்தக் கட்டிலில்தான் தூங்கினான். இளைப்பு முழுதாக விடவில்லை. அவன் நெஞ்சையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

விவரம் தெரியும் வயது வந்ததும் அவனை அந்த பாரக்ஸுக்குக் கூட்டிப்போவேன். இந்த வீட்டில் இனி யாருக்கு மூச்சு முட்டினாலும், இரண்டாவது தடவை கேட்க விடமாட்டேன் அப்பா.

நீங்கள் ஒரு தடவை கேட்டும் திறக்காத,
உங்கள் மகள் ஷீலா