நூலின் மறுமுனை

கொடியின் பால் விரல்களில் ஒட்டிக் கறுத்துவிட்டது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டுக் கழுவு என்பாய். தேய்த்துவிட்டு, அந்தக் கையோடுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீ கண்ணை மூடியபிறகு நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவரில் படர்ந்த கொடியில் யாரும் கத்தரிக்கோல் வைக்கவில்லை. நாம் படித்த கான்வென்ட் சுவரிலிருந்து, ஒரு விழாவுக்குப் போனபோது நீ கிள்ளி முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்த கொடி. சிஸ்டர்கள் ஐவி என்பார்கள். வில்லாபுரத்து வெயிலை மதிக்காமல் சுவருக்கு மேலே புதராக எழுந்து நிற்கிறது. குருத்தோலை ஞாயிறு பவனி நம் தெருவுக்குள் வருமுன் அதை வெட்டிவிடுவது நம் வழக்கம். இன்று காலை ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

எனக்கு வெட்டு நேராக இருக்க வேண்டும். வாசல் பக்கம் நான் மட்டம் பார்க்க ஒரு நூலைப் பிடிப்பேன். கிணற்றடிப் பக்கம், சுவருக்கு அப்பால் நின்று மறுமுனையை நீ இழுத்துப் பிடிப்பாய். இலைகளுக்குள் உன் முகம் தெரியாது. குரல் மட்டும் வரும். "இம்புட்டு நேரா வெட்டி யாருக்குடி காட்டப் போற? அந்தோணியார் வந்து அளந்து பாக்கப் போறாரா?"

உன் மகன் தானாகப் பார்த்துக் கொட்டாம்பட்டியிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண்ணைப் பற்றி நான் பேசியதெல்லாம் அந்தச் சுவர்மேல்தான். கல்யாணத்துக்கே வராதவள் நான். கடைசியாக வெட்டியபோதும், "உன் மருமகளுக்கு ஒரு நூலை நேராகப் பிடிக்கத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"மெல்லப் பேசுடி. இங்கனதான் இருக்கா."

"இருந்தால் கேட்கட்டும்."

நீ சிரித்தாய். அடுப்படியில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று நூலை வீசிவிட்டு, பழக்கத்தில், "பிடிச்சிட்டியா?" என்று கத்திவிட்டேன். கத்தியபிறகுதான் நீ இல்லை என்பது உறைத்தது. கீழே இறங்கப் போனேன். நூல் விறைத்தது.

"பிடிச்சிட்டேன் பெரியம்மா. ஒரு விரக்கடை ஏத்தவா?"

"ஏத்தணும்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"அத்தைக்கு முட்டி போனதுலேருந்து நாந்தானே பிடிக்கேன். அவுக சேர்ல உக்காந்து உங்களோட பேசிக்கிட்டு இருப்பாக. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாக."

உன் குரல் பிறகெல்லாம் கீழேயிருந்து வந்ததை நான் கவனிக்கவே இல்லை. உன் முட்டியையும் கவனிக்கவில்லை. நான் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டே அந்தப் பெண் நூலைத் தளர விடாமல் நின்றிருக்கிறாள். அந்த வெட்டைத்தான், தெருவில் இதுபோல் ஒரு சுவர் உண்டா என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டினேன்.

கத்தரிக்கோலை வைத்துவிட்டுத் தெருவைச் சுற்றி உன் வாசலுக்குப் போனேன். அவளைக் கூப்பிட வாயெடுத்தேன். எப்படிக் கூப்பிடுவது? இத்தனை வருடமும் உன் மருமகள் என்றே சொல்லிவந்திருக்கிறேன். கிணற்றடியிலிருந்து அவளே வந்தாள், நூல் இன்னும் கையில்.

"உன் பேர் என்னம்மா?"

என்னையே பார்த்தாள். "அத்தை சொல்லலையா?"

"அவ சொல்லியிருப்பா. நான் காதுல வாங்கல."

சொன்னாள். உட்காரச் சொன்னாள். என்னால் உட்கார முடியவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் பாடம் ஒப்பிக்கும் பிள்ளைபோல் அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதிக் கொடி இன்னும் வெட்டாமல் இருக்கிறது. நாளைக்கு அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லிக் கூப்பிட வேண்டும்.