அப்பாவின் ஸ்டுடிபேக்கருக்கு அந்தப் பம்ப் வேண்டாம்

சேசு மரி சூசை துணை

அபிராமபுரம், சென்னை-18
6-3-1972, திங்கட்கிழமை

அன்பு மகன் லியோனார்டுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு எல்லாரும் சுகம், உன் சுகத்துக்குப் பதில் போடவும் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். இந்தத் தடவை அந்த வரியை எழுத உட்கார்ந்து கால் மணி நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன், கை வரவில்லை. நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், முழங்கால் வலி எப்போதும் போலத்தான், பின்பக்கத்து முருங்கை போன வாரக் காற்றில் முறிந்து விழுந்தது. அப்பா சுகமாக இல்லை. அதை உனக்கு எழுதுவதில்லை என்று இரண்டு வருஷமாக அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன், இன்றைக்கு மீறுகிறேன். அப்பா காருக்கு நீ வாங்கி வந்த அந்தப் பெட்ரோல் பம்ப்பை இங்கே கொண்டுவர உன் நண்பன் ஜவஹரிடம் ஏற்கெனவே கொடுத்திருந்தால் முதலில் போய்த் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடு, மற்றதைப் பிறகு படி.

அப்பாவுக்குக் கண் தெரியவில்லை. முழுக் குருடு இல்லை. கண்ணுக்குள்ளே பின்னால் இருக்கும் திரை கெட்டுவிட்டதாம், கண்ணாடி மாற்றியும் பயன் இல்லை, ஆபரேஷனுக்கும் வழி இல்லை என்று இரண்டு டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். நேரே பார்ப்பதெல்லாம் புகைமூட்டமாக இருக்கிறது, ஓரங்களில் மட்டும் ஏதோ தெரிகிறது. அதனால் வீட்டுக்குள் தடுமாறாமல் நடப்பார், நாற்காலியைச் சரியாக இழுத்து உட்காருவார், வருகிறவர்களைக் குரலை வைத்துப் பெயர் சொல்லி அழைப்பார், யாருக்கும் சந்தேகம் வராது. காலையில் பேப்பரை நான் படிக்கக் கேட்டுவிட்டு, யாராவது வந்தால் தானே படித்து முடித்த மாதிரி மடித்து வைப்பார். இந்த நிலைமையில் அவர் இரண்டு வருஷம் கார் ஓட்டியிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டவைத்தவள் நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது நம் வீட்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டார். எங்கே டோரதி நம்ம கேட்டு என்று மெதுவாகக் கேட்டார், கொஞ்சம் பின்னால வாங்க, இடது பக்கம் ஒடிங்க என்றேன். அன்றைக்கே சாவியைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டிருக்க வேண்டும், போடவில்லை. அடுத்த வாரம் முன்னால பஸ் நிக்குதுங்க என்றேன், அதற்கடுத்த வாரம் சைக்கிள்காரன் குறுக்கே வரான் என்றேன், அப்புறம் வண்டி புறப்பட்டதிலிருந்து நிற்கிறவரைக்கும் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே வருவது என் வேலையாகிவிட்டது. பின் சீட்டில் ஆள் இருந்தால் முந்தானையை வாயருகே வைத்துக்கொண்டு செபமாலை சொல்கிறவள்போல முணுமுணுப்பேன். உன்னிடம் மறைப்பானேன், அதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது. முப்பத்தைந்து வருஷத்தில் அந்த மனுஷர் என்னை எதற்கும் யோசனை கேட்டவர் இல்லை. இப்போது அடிக்கு அடி என்னைக் கேட்டுத்தான் போனார். அந்தச் சந்தோஷத்துக்குச் சர்வேசுரன் என்னை மன்னிக்க வேண்டும்.

அந்த ஸ்டுடிபேக்கர்மேல் அவருக்கு இருக்கும் பைத்தியம் உனக்குத் தெரியாததா. துறைமுகத்தில் அவருடைய துரை லண்டனுக்குக் கப்பலேறும்போது விட்டுவிட்டுப் போன வண்டி, நம்மிடம் வந்து பதினாறு வருஷம் ஆகிறது, இன்னும் புது மாப்பிள்ளையைக் கவனிக்கிற மாதிரித்தான் கவனிக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் காபி ஆறுவதற்குள் ஸ்டுடிபேக்கர் கம்பெனியின் கதை ஆரம்பமாகிவிடும். நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் சௌத் பெண்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர் கொல்லுப்பட்டறை போட்டது, இன்னொரு சகோதரன் கலிபோர்னியாவுக்குத் தங்கம் எடுக்கப் போய், தங்கம் தோண்டுகிறவர்களுக்குத் தள்ளுவண்டி செய்து கொடுத்தே சம்பாதித்து வந்து தொழிலில் போட்டது, உள்நாட்டுச் சண்டையில் பட்டாளத்துக்குக் குதிரைவண்டி செய்தது, முதலில் பாட்டரியில் ஓடும் கார், பிறகு பெட்ரோல் கார் என்று வளர்ந்தது, கடைசியில் அறுபத்து மூன்றில் சௌத் பெண்ட் தொழிற்சாலையையும் அறுபத்தாறில் கனடாவில் இருந்ததையும் மூடினது. மூடினதைச் சொல்லும்போது மட்டும் சொந்தத்தில் யாரோ செத்துப்போன மாதிரி குரல் இறங்கும். வண்டியின் மூக்கு வைத்த முகத்தைப் பார்த்துத் தெருவில் எது சார் முன்பக்கம் என்று கேலி செய்தால் சிரிப்பார். ஆனால் தி.நகர் நகைக்கடை வைரவன் செட்டியார், அவரும் ஒன்று வைத்திருந்தாரே, வண்டி நல்ல வண்டிதான், பாண்டி பஜார்ல நிறுத்தத்தான் இடமில்லை என்று சொல்லி அதைக் கொடுத்துவிட்டுச் சின்ன வண்டி வாங்கினார். அவரோடு அப்பா ஒரு வருஷம் பேசவில்லை.

நம் பங்குக் கோயிலைச் சேர்ந்த எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் கோயிலுக்குக் கூட்டிப்போவது நம் வண்டிதான் என்று ஆகிவிட்டது இல்லையா, இதுவரை நாற்பத்தொரு பெண்கள். ரிட்டையரான பிறகு துறைமுகத்திலிருந்து ஒருத்தர்கூட வந்து எட்டிப் பார்க்கவில்லை. கல்யாண வீட்டார் மட்டும்தான் பத்திரிகை வைக்கும்போதே அண்ணே வண்டியை நீங்கதான் எடுக்கணும் என்று கேட்டு நிற்பார்கள். அந்த வார்த்தைக்காகவே அவர் உயிரோடு இருக்கிறாரோ என்று எனக்குத் தோன்றும். அதனால்தான் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

ஜனவரியில் நடந்ததைச் சொல்கிறேன். லஸ் சர்ச் ரோட்டில் வந்துகொண்டிருந்தோம். காட்டுக்கோயில் மாதாவைக் கண்டதும் பழக்கதோஷத்தில் தலை குனிந்து கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டேன். அவ்வளவு நேரம்தான். கண்ணைத் திறந்தால் ரோட்டோரத்தில் கொய்யாப்பழம் விற்கும் ஹாஜிரா பீ கூடையோடு எங்களுக்கு நேர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். நான் போட்ட கூச்சலில் பிரேக் பிடித்தார், கூடை சக்கரத்துக்கு அடியில் போய்விட்டது, அவள் முழங்காலுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு சாண். அவள் எழுந்து வந்து அப்பாவைப் பார்க்கவில்லை, என் பக்கத்து ஜன்னலுக்கு வந்தாள். இன்னா கூத்துமா இது, நானும் பாத்துக்கினுதான் கீறேன், நீ தெனம் வழி சொல்லிக்கினே வர்ற, அவரு ஓட்டிக்கினே வர்றாரு, கண்ணு தெரியாதவரு கையில வண்டியக் குடுத்துட்டு நீ சாமி கும்புட்டுக்கினு கீறியா என்று கேட்டாள். கூடையிலிருந்த அத்தனை பழத்துக்கும் பணம் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு, இன்னொரு நாளு நான் இல்லாட்டி இங்க ஒரு புள்ள நிக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள். வீட்டுக்கு வந்ததும் அப்பா போர்ட்டிகோவில் வண்டியை நிறுத்திவிட்டு, ஏன் டோரதி சொல்லல என்று மட்டும் கேட்டார். நான் இப்போது மாதாவைக் கும்பிடக்கூடக் கண்ணை மூடுவதில்லை லியோனார்ட்.

மூன்றாம் நாள் வண்டி கிளம்பவில்லை. ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து மெக்கானிக் ஷரஃபுதீனை வரவழைத்தார். பெட்ரோல் பம்ப்பில் ரப்பர் கிழிந்துவிட்டது, இருபது வருஷம் உழைச்சா எந்த ரப்பரும் கிழியத்தான் செய்யும் என்றான். நான் அவனைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ரப்பர வெட்டிப் போட்டா நாளைக்கே ஓடும்மா, சாரு கண்ணுதான் எனக்கும் பயமா கீது, சாமான் கெடைக்கலன்னு சொல்லிடறேன், ஆனா கையில சாமான் வந்துட்டா அப்பால என்னால மாட்டேன்னு சொல்ல முடியாது என்றான். அப்பாவிடம் அப்படியே சொன்னான். அன்றைக்கு ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன்.

அதோடு விட்டிருக்கலாம், என் புத்தி விடவில்லை. அமெரிக்காவில் இந்த வண்டி வைத்திருப்பவர்கள் சங்கம் ஒன்று நடத்தும் பத்திரிகைக்கு நீ சந்தா கட்டியிருக்கிறாயே, மாதாமாதம் அதை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டுகிறேன். ஆளாளுக்குத் தன் வண்டியைப் பற்றி எழுதியிருப்பார்கள், ஏற்றத்தில் கிளட்சை மிதித்துக்கொண்டால் பின்னால் உருளாமல் நிற்கிறது, கொஞ்சம் பெட்ரோலில் நிறைய தூரம் போகிறது, பனியில் தகரம் துருவேறுகிறது என்று நல்லதும் பொல்லாததுமாக. அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுத் தலையாட்டுவார். வண்டியைக் குறை சொல்லிப் படித்தால் கண்டுபிடித்துவிடுவார், அதனால் வண்டியைத் தொடாமல் மனுஷர்களை மாற்றினேன். கான்சாஸில் ஒரு விவசாயி, எனக்கு வயதாகிவிட்டது, என் மனைவி பயப்படுகிறாள், அதனால் ஓட்டுவதை நிறுத்திவிட்டேன், மனசு நிம்மதியாக இருக்கிறது என்று எழுதியிருப்பதாகப் படித்தேன். அங்கே அச்சடித்திருந்தது வேறு, அவன் புது டயர் மாட்டியதைப் பற்றி எழுதியிருந்தான். பிறகு ஓஹையோவில் ஒருவர், டெக்சாஸில் ஒரு தபால்காரர் என்று ஒவ்வொருவராக ஓட்டுவதை நிறுத்தவைத்தேன். இவருக்கும் மனசு மாறும் என்று நினைத்தேன். அவரோ நாலைந்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு, எல்லாரும் விட்டுட்டா இந்த வண்டி பூமியிலயே இல்லன்னு ஆயிடும் டோரதி, நானாவது கடைசிவரைக்கும் ஓட்டணும் என்று எழுந்து உட்கார்ந்தார். என்னிடம் சொன்னால் தாமதமாகும் என்று சவரிநாயகம் வாத்தியாரைக் கூப்பிட்டு அந்தச் சங்கத்துக்குப் பம்ப் கேட்டுக் கடிதம் எழுதவைத்தார். அதைப் பார்த்துத்தான் சௌத் பெண்டில் அந்தப் பெரியவர் தன்னிடம் இருந்த பம்ப்பைச் சும்மா கொடுக்க முன்வந்தார், நீயும் லீவு போட்டுச் சிக்காகோவிலிருந்து போய் வாங்கி வந்துவிட்டாய். இத்தனையும் என் பொய்யால் வந்தது.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. தனியாக இருந்திருந்தால் அதையும் மாற்றிப் படித்திருப்பேன். வாத்தியார் எதிரில் உட்கார்ந்து தன் மகள் ஆலிஸ் கல்யாணப் பத்திரிகையை நீட்டிக்கொண்டிருந்தார், அவரே வாங்கிச் சத்தமாகப் படித்துவிட்டார், பம்ப் கிடைத்தது, ஜவஹர் இருபத்தைந்தாம் தேதி புறப்பட்டு வரும்போது கையோடு கொண்டுவருகிறான் என்று. அப்பா எழுந்து போர்ட்டிகோவுக்குப் போய் வண்டியின் மூக்கைத் தடவிக்கொண்டு நின்றார். ஆலிஸ் கல்யாணம் ஈஸ்டர் முடிந்து ஏப்ரல் பத்தாம் தேதி திங்கட்கிழமை காலை. அவளை ஏற்றிக்கொண்டு கச்சேரி ரோடு வழியாக சாந்தோம் கோயிலுக்குப் போக வேண்டும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரோட்டைத் தாண்டும் நேரம். நான் தூக்கத்தில்கூட இடது பக்கம், இடது பக்கம் என்று கத்துகிறேனாம், அப்பாவே எழுப்பித் தண்ணீர் கொடுக்கிறார்.

நேருக்கு நேரும் அவரிடம் சொல்லிப் பார்த்தேன். போன ஞாயிறு அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நீ கூட இருக்கும்போது எனக்கு என்ன குறை என்றார். நான் வண்டியில் ஏறமாட்டேன் என்றால் தனியாகவே எடுத்துவிடுவார், எனக்கு அந்த பயம் இருக்கிறது. ஆகையால் உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், ஜவஹரிடம் கொடுக்காதே. தொலைந்துபோனது, உடைந்துபோனது என்று பொய்யும் எழுதாதே, பொய் சொல்லி நான் பட்டது போதும். உங்கள் கண் விஷயம் எனக்குத் தெரியும் அப்பா, அதனால்தான் அனுப்பவில்லை என்று மகனாக நீ நேராக எழுது. அதை நம் விலாசத்துக்குப் போடாமல் வாத்தியார் வீட்டுக்குப் போடு, அவர் வந்து அப்பா முன்னால் வாய்விட்டுப் படிக்கட்டும். என் கைக்கு வந்தால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் அதை உள்ளபடி படிப்பேன் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. அவர் என்னோடு பேசாமல் போனாலும் போகட்டும், உன்னைத் திட்டினாலும் திட்டட்டும்.

இவ்வளவு எழுதி முடிக்கிற நேரத்தில் அப்பா வந்து எதிரில் உட்கார்ந்தார். லியோனார்டுக்கா எழுதுற, நானும் ரெண்டு வரி சொல்றேன், எழுது என்றார். அவர் சொன்னது இது: பம்ப்பைப் பஞ்சு சுத்திப் பத்திரமாகக் கட்டி அனுப்பு, அந்தப் பெரியவருக்கு என் நன்றியைச் சொல், நான் ஓட்டுவதைப் பற்றி நீ கவலைப்படாதே, அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள். எழுதிட்டியா என்றார், எழுதிட்டேங்க என்றேன். கையெழுத்து நானே போடுறேன் என்று பேனாவை வாங்கிக்கொண்டார். காலியாக இருந்த இடத்தில் அவர் விரலைக் கொண்டுபோய் வைக்கப் போனேன், தெரியுது விடு என்று என் கையைத் தள்ளிவிட்டுப் போட்டார். அது எங்கே விழுந்திருக்கிறது என்று மேலே பார். உன்னைக் கெஞ்சின வரிகளுக்குக் குறுக்கே, லூயிஸ் என்று பெரிதாக. சரியா இருக்கா என்று கேட்டார். சரியா இருக்குங்க என்றேன்.

மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். குளிரில் தலையை மூடிக்கொண்டு போ, ஞாயிற்றுப் பூசையை விடாதே. அப்பாவின் கையெழுத்துக்கு அடியில் மை பரவி அந்த வார்த்தை உனக்குப் புரியாமல் போகலாம், அதனால் இங்கே இன்னொரு தடவை எழுதுகிறேன், ஜவஹரிடம் கொடுக்காதே.

உன் அம்மா
டோரதி