புடவைக்கடை மேல்மாடியின் வெளிச்சம்

06.07.1992, திங்கள்

இன்று எனக்கு ஒரு பதவி கிடைத்திருக்கிறது. பதவிக்குப் பெயர் இன்னும் வைக்கவில்லை. காங்கேசன்துறையில் இருபத்தொரு வருடம் மின்சாரப் பகுதியில் வேலை பார்த்தவன் நான். சண்டையில் இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்கு வந்து இரண்டு வருடம். மின்சாரமே இல்லாத ஊரில், சீவரத்தினம் முதலாளியின் புடவைக்கடையில் லாம்புச் சிமினி துடைத்துக்கொண்டிருக்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். சில நேரம் நானும் கூடச் சிரிக்கிறேன்.

முதலாளி காலையில் கூப்பிட்டார். கடையின் மேல்மாடிதான் சேலைப் பகுதி. இரண்டு பக்கமும் பக்கத்துக் கடைகளின் சுவர், முன் யன்னலுக்கு மண்மூட்டை. பட்டப்பகலிலும் கும்மிருட்டு. நாளுக்கு ஒன்றரைப் போத்தல் மண்ணெண்ணெய் அங்கே மட்டும் போகிறது.

"இனி எனக்கு எண்ணெய் கிடையாது, அருளம்பலம். ஊரிலை ஆளாளுக்குப் புது விளக்கு, புது யுக்தி எண்டு கதைக்கினம். எல்லாத்தையும் சோதிச்சுப் பாரும். கால் போத்தலோடை மேல்மாடி ஓடுமெண்டால் ஓடட்டும். இல்லாட்டி நல்லூர்த் திருவிழாக் கொடியேறமுதல் பூட்டுறன். மேலை வேலை செய்யிற நாலு பெட்டையளையும் அனுப்பத்தான் வேணும்."

நாலு பேரில் மூத்தவள் குருநகர் யோசப்பின். மீன்பிடித் தடையால் கடலுக்குப் போக முடியாமல் அவள் தமையன் கனிசியஸ் வீட்டில் வலையோடு சும்மா இருக்கிறார். ஏழு வயிறு அவள் சம்பளத்தில். படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "அண்ணை, எங்கடை பிழைப்பு இப்ப உங்கடை கையிலை," என்றாள். பகிடியாகத்தான் சொன்னாள். எனக்குப் பகிடியாகப் படவில்லை.

08.07, புதன்

ஆராய்ச்சி தொடங்கியாயிற்று. எண்ணெய் அளக்க மருந்துக்கடையில் ஓர் ஊசிக்குழாய் இரவல் வாங்கினேன். வெளிச்சம் அளக்க என் சொந்த உபகரணம்: வெள்ளைத் தாளில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய். இரண்டு விளக்குக்கு நடுவே தாளைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். எண்ணெய்ப் பொட்டு கண்ணுக்கு மறையும் இடத்தில் இரண்டு பக்க வெளிச்சமும் சமம். பிறகு தூரத்தை அளந்தால் எது பெரிது என்று தெரிந்துவிடும். பெண்கள் நாலு பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, ஏன் மறைப்பான்?

பெற்றோல்மக்ஸ் முதலிலேயே விழுந்துவிட்டது. வெளிச்சம் அருமை, ஆனால் எண்ணெயைக் குடிக்கிறது. அதற்கு மாட்டுகிற வலையும் ஊரில் கிடையாது.

10.07, வெள்ளி

சைக்கிள் டைனமோ. ஸ்ராண்டில் ஏற்றி நிறுத்திய சைக்கிளில் நான் ஏறி மிதிக்க, மூன்று சின்ன பல்பு எரிந்தது. எண்ணெய்ச் செலவு இல்லை. முதல் ஐந்து நிமிடம் நானே ஒரு மின்நிலையம் என்ற நினைப்பு. பத்தாவது நிமிடம் மூச்சு வாங்கியது. நான் களைக்கக் களைக்கச் சேலையும் மங்கியது. வந்த சனம் சேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு பிள்ளை கை தட்டியது.

வீட்டில் மனைவி பராசக்தியிடம் சொன்னேன். "மிதிச்சதுக்குச் சேர்த்து மூண்டு நீத்துப்பெட்டி பிட்டு சாப்பிட்டிருக்கிறியள். எண்ணெய் அதைவிட மலிவு," என்றாள். டைனமோவும் விழுந்தது.

13.07, திங்கள்

வெற்றி. ஜாம் போத்தல் விளக்குத்தான். அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு எண்ணெய், கம்பியில் சின்னத் திரி. போத்தலே சிமினியும் ஆகிவிடுகிறது. எட்டு விளக்கு, நாள் முழுக்க, கால் போத்தலுக்கும் குறைவு. நாலைந்து முறை அளந்து பார்த்தேன். ஒரே அளவாகத்தான் வந்தது.

இவ்வளவு நாளும் சனம் சேலையைக் கீழே கொண்டுபோய், றோட்டு வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துத்தான் வாங்கும். இன்று நானே படியில் நின்று மறித்தேன். "கீழை போகத் தேவையில்லை. இஞ்சையே நல்ல வெளிச்சம்," என்றேன். நம்பி வாங்கிப் போனார்கள். முதலாளி என் தோளில் தட்டினார்.

16.07, வியாழன்

என்னத்தை எழுதுகிறது.

அச்சுவேலியிலிருந்து செல்வநாயகி என்றொரு அம்மா சைக்கிள் கரியரில் குந்தி வந்தா. மகளின் கலியாணத்துக்கு எடுத்த சேலை. விளக்கடியில் நல்ல கரும்பச்சை என்று நானும் சொன்னேன், யோசப்பினும் சொன்னாள். கடை வாசலில் அதை விரித்தா. அட்டைக் கறுப்பு. "நான் கலியாண வீட்டுக்குச் சேலை கேட்டனான். நீங்கள் செத்தவீட்டுக்குத் தந்திருக்கிறியள்," என்றா. சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

பின்னேரத்துக்குள் இன்னும் ஐந்து சேலை திரும்பி வந்தது. வெள்ளை என்று போனது சந்தனம். நாவல் என்று போனது மண்ணிறம். மஞ்சள் சுவாலையில் எந்த நிறமும் தன்னைக் காட்டாது என்பது எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். மறந்துபோனேன். நான் பிடித்தது வெறும் வெள்ளைத் தாள், அதற்கு நிறம் எங்கே தெரியும்? விசரன். கடைக்குள் இருந்துகொண்டு கடை என்ன விற்கிறது என்று பார்க்காத விசரன் நான்.

முதலாளி நாட்காட்டியை மட்டும் பார்த்தார்.

17.07, வெள்ளி

வேலைக்குப் போனேன். சிமினி துடைத்தேன். வந்தேன்.

18.07, சனி

யோசப்பின் சேலை மடித்தபடியே சொன்னாள்: "அண்ணை, சனம் வெளிச்சத்தைத் தேடித்தானே கீழை ஓடுது. நீங்கள் எண்ணெயைக் குறைக்கிறதிலையே நிக்கிறியள். வெயில் சும்மாதானே எரியுது. அதை மேலை கொண்டுவர ஏலாதோ?"

அவளை ஏன் இந்தச் சோதனைக்கு முதல் நாளே கேட்கவில்லை? நான் பெரிய ஆள் என்ற நினைப்புத்தான்.

20.07, திங்கள்

சேலை கட்டிப் பார்க்கிற ஆளுயரக் கண்ணாடியைப் பின்முற்றத்துக்கு இறக்கினேன். சாய்த்துப் பிடித்து, வெயிலைப் பின்பக்கச் சின்னச் சாளரத்துக்குள்ளால் மேல்மாடிக் கூரைக்கு எறிந்தேன். மேலே நாலு பேரும் "அம்மா" என்றார்கள். சேலைகளுக்கு உயிர் வந்துவிட்டதாம்.

சரியாகப் பதினெட்டு நிமிடம். பலாலி முகாம் பக்கமிருந்து ஆமி ஹெலிச் சத்தம். பக்கத்து மருந்துக்கடைக்காரர் மதிலுக்கு மேலால் தலையை நீட்டினார். "அருளம்பலம் அண்ணை, என்ன, மேலை சாடை காட்டுறியளோ? எங்களையும் சேர்த்து அனுப்பப் போறியளோ?" அப்போதுதான் எனக்கு உறைத்தது. முற்றத்தில் நின்று வானத்துக்குப் பளிச்சுப் பளிச்சென்று அடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆளுயரக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் ஓடின ஆள் இந்தக் குடாநாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். உள்ளே ஆறு பேர், கண்ணாடியோடு பன்னிரண்டு. பயத்திலும் சேலைப் பகுதி மகாதேவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. யோசப்பின் கண்ணாடியைப் பார்த்துத் தலை இழுத்து வாரிக்கொண்டாள். ஹெலி வேறு பக்கம் போய்விட்டது.

கண்ணாடி இனிமேல் வெளியே வராது. முதலாளியின் கட்டளை. கொடியேற இரண்டு கிழமைதான் இருக்கிறது.

22.07, புதன்

கூரை. ஓடுகளைக் கழற்றி யன்னல் கண்ணாடி போட்டால்? இந்த எண்ணம் குளிக்கும்போது வந்தது. வெளிச்சம் உள்ளே வரும், வெளியே முகக்கண்ணாடிபோலப் பளிச்சிடாது.

கண்ணாடிக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பராசக்திதான் சிரித்தாள். "ஊர் முழுக்கக் கட்டிலுக்குக் கீழை கண்ணாடிதானே." உண்மைதான். குண்டு போடப் பொம்மர் வரத் தொடங்கிய பிறகு, உடைந்து கண்ணில் குத்தும் என்று எல்லா வீட்டிலும் யன்னல் கண்ணாடியைக் கழற்றிச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறார்கள். முதலாளி வீட்டிலேயே பன்னிரண்டு உண்டு.

முதலாளி ஒரேயொரு கேள்வி கேட்டார். "யன்னலிலை இருந்தால் குத்துமெண்டு கழட்டினது, தலைக்கு மேலை இருந்தால் குத்தாதோ?"



23.07, வியாழன்

பதில் கனிசியஸ் கொண்டுவந்தார். சைக்கிளில், ஒரு கட்டு வலை. சின்னக்கண் வலை, இரண்டு மடிப்பாகக் கூரைக்குக் கீழே இழுத்துக் கட்டினால் உடைந்த கண்ணாடி அதிலேயே தங்கும் என்றார். சோதிக்க ஓர் உடைந்த துண்டை நாலு முழ உயரத்திலிருந்து போட்டோம். தங்கியது. பெரிய துண்டும் தங்கியது. அவர் வலையைத் தடவிக்கொண்டு, "ரெண்டு வருசத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் இது ஒண்டைப் பிடிச்சிருக்கு," என்றார்.

26.07, ஞாயிறு

கடை பூட்டு. நானும் கனிசியஸும் கூரையில். பன்னிரண்டு கண்ணாடியும் போட்டாயிற்று. ஓரங்களுக்குத் தார். முழங்கால் இரண்டும் உரிந்துபோயிற்று. நேர்வெயில் விழுந்தால் சாயம் வெளுக்கும் என்று மகாதேவி சொல்லிவிட்டாள். வலைக்குக் கீழே இரண்டு வெள்ளை வேட்டி இழுத்துக் கட்டினோம். வெளிச்சம் அதற்குள்ளால் பால்போல இறங்குகிறது. சந்தனம் சந்தனமாகவும் வெள்ளை வெள்ளையாகவும் இருந்தன. நான் ஒரு கறுப்புச் சேலையை விரித்து வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பேதான்.

27.07, திங்கள்

முதலாளி மேலே வந்தார். சந்தோஷப்படுவார் என்று நின்றேன். அவர் சேலைகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார், முகம் சுண்டிவிட்டது. "மடிப்பிலை வெளிறினது எல்லாம் தெரியுது. ரெண்டு வருசமாப் புதுச் சாமான் வரேல்லை. உந்த வெளிச்சத்திலை ஆர் வாங்குவினம்?"

நான் வாயைத் திறக்க முதல் யோசப்பின் சொன்னாள்: "தெரிஞ்சு வாங்கினால் திருப்பிக் கொண்டு வராயினம், முதலாளி. வெளிறினதைக் குறைச்சுக் குடுப்பம். சொல்லிக் குடுப்பம்."

அவர் கீழே போனார். போகும் வழியில் எரிந்துகொண்டிருந்த ஒரு ஜாம் போத்தலை ஊதி அணைத்துவிட்டுப் போனார். அதை நாங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

29.07, புதன்

முதலாளி அறிக்கை எழுதித் தரச் சொன்னார். சோதித்தவை, வெளிச்சம், எண்ணெய் எல்லாம் எழுதியாயிற்று. படியடிக்கு ஒரு போத்தல் விளக்குப் போதும். கடையை நாலரைக்குப் பூட்டினால் மேல்மாடிக்கு எண்ணெயே வேண்டாம். நாலு பெண்களும் இருக்கலாம்.

கடைசியாக ஒரு வரி மிச்சம். விளக்கு இல்லாத கடைக்கு விளக்குக்காரன் எதற்கு? அதை எழுத முதல் இரண்டு தேத்தண்ணி குடித்தேன். எழுதாமல் விட்டால் யாருக்குத் தெரியும் என்று பராசக்தியைக் கேட்டேன்.

"ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் நீங்கள் ஒரு மாதத்துக்கு முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு திரிவியள். எழுதுங்கோ. முந்தியும் இருந்தனாங்கள்தானே வேலையில்லாமல்," என்றாள்.

எழுதினேன். பயமாக இருக்கிறது.

31.07, வெள்ளி

முதலாளி அறிக்கையை இரண்டுதரம் வாசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "கடைசி வரி சரிதான். நாளையிலையிருந்து விளக்கு வேலை இல்லை."

ஓம் என்றேன்.

மேலேயிருந்து யோசப்பினின் குரல்: "முதலாளி, மேலை சனம் கூடுது. நாலு பேராலை ஏலாது."

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "சேலை மடிக்கத் தெரியுமோ உமக்கு?"

"வயர் சுத்தத் தெரியும்," என்றேன்.

"யோசப்பின் பழக்குவாள்."

02.08, ஞாயிறு

வீட்டில் பராசக்தியின் சேலையை வைத்து மடிக்கப் பழகினேன். கரை கரையோடு பொருந்துதில்லை.

06.08, வியாழன்

நல்லூர்க் கொடி ஏறிவிட்டது. மேல்மாடி திறந்திருக்கிறது. நாலு பெண்கள், நான் ஐந்தாவது.

பத்துமணிபோலப் பராசக்தி வந்தாள். குடையை மடக்கி வைத்துவிட்டு எனக்கு முன்னால் வந்து இருந்தாள். ஆரென்றே தெரியாதவள்போல, "ஐயா, உந்த மேல்தட்டிலை இருக்கிறதை எடுங்கோ," என்றாள். எடுத்தேன். "அதுக்குப் பக்கத்திலை." எடுத்தேன். "நீலம் இல்லையோ? இதிலை ஒரு இழை விலகியிருக்கு, பாருங்கோ. இது மடிப்பிலை வெளிறிப் போச்சு. இது கரை சரியில்லை." மகாதேவி சேலைக் கட்டுக்குப் பின்னால் போய்ச் சிரித்தாள். முப்பத்தொரு சேலை விரித்தேன். எழுந்து குடையை எடுத்தாள். "நல்ல வெளிச்சம். எல்லாம் தெரியுது. பிறகு வாறன்," என்று இறங்கிப் போய்விட்டாள்.

உதவிக்கு யோசப்பினைப் பார்த்தேன். "நீங்கள் எடுத்தனீங்கள், நீங்கள்தான் மடிக்க வேணும் அண்ணை," என்றாள். மத்தியானமாகிவிட்டது மடித்து முடிக்க.

வீட்டுக்கு வர, அடுப்படியில் நின்றபடியே கேட்கிறாள்: "புது வேலை எப்பிடி?"

"ஒரு பொம்பிளை வந்து என்ரை உயிரை எடுத்திட்டா," என்றேன்.

"வாங்கினவவோ?"

"பிறகு வாறனெண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டா."

"அப்ப வருவா," என்றாள்.